எட்டு பாட்டில் கையிருப்பு

தாய்ப்பாலின் விலை நூறு மில்லிக்கு ஆயிரத்து இருநூறு. இரண்டு பாட்டிலாக எடுத்தால் நூறு தள்ளுபடி. வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் கூலி தனி.

இதை வாசித்து முடித்த ஹெட் நர்ஸ், செத்த எலியைக் கீழே போடுவதுபோல அந்தத் தாளை மேசையில் போட்டுவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உவ்வே!" என்றார் ஓரத்து நாற்காலியில் இருந்த சம்பந்தி. "தள்ளுபடி வேறயா? கருவாட்டுக் கடைக்காரன்கூடக் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் தள்ளுபடி போடுவான்."

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் லைன்மேன். டெலிபோன் இலாகாவில் இருபத்திரண்டு வருடம் கம்பம் ஏறியவர். அடுத்த எட்டு வருடம் அதே இலாகாவின் இன்டர்நெட் பிரிவில் கோளாறு பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, கோணலாகப் போன வெப்சைட்டுகள் அவர் வீடு தேடி வந்தன. சம்பந்தி அவருடைய மகளின் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பேப்பர் படிக்க வருவார், போகமாட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்த சம்பந்தியை "எழுந்திருங்க" என்று சொன்ன ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அவர் உதவியாளர் ஆகிவிட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் லைன்மேன்.

"எங்க பால் வங்கியில ஒரு சொட்டுகூட விக்கிறதில்ல சார். பால் மிஞ்சுற தாய்மார் தானமாத் தர்றாங்க. குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களுக்கு நாங்க சும்மா தர்றோம். எங்க வெப்சைட்ல இதைத்தான் எழுதியிருக்கோம். ஆனா அதைத் திறந்தா சில பேருக்கு எங்க பக்கம் வரமாட்டேங்குது. நேரா இந்த விலைப்பட்டியல் போட்ட கடைக்குப் போயிடுது."

"சில பேருக்குத்தானா?"

"எனக்கு ஒரு தடவைகூடப் போகல. வெப்சைட்டைச் செஞ்சு கொடுத்தது என் கொழுந்தன். அவருக்கும் போகல. 'அவங்க போன்ல வைரஸ் அண்ணி'ன்னு ஒரே பாட்டு." நர்ஸ் ஒரு சின்ன நோட்டைத் திறந்தார். "புகார் வந்த தேதி எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். மூணு, நாலு. அப்புறம் பத்து, பதினொண்ணு. அப்புறம் பத்தொன்பது, இருபது."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல. தானாச் சரியாயிருச்சுன்னு விட்டுடுவோம்."

"தானாச் சரியாகிற ரிப்பேரை முப்பது வருஷத்துல நான் பார்த்ததில்ல," என்றார் லைன்மேன். "யாரோ வந்து சரி பண்ணிட்டுப் போறாங்க. இதனால உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நர்ஸின் குரல் இறங்கியது. "நாப்பது பேர் பால் கொடுத்துட்டு இருந்தாங்க. இப்ப பதினேழு. 'நாங்க சும்மா தர்றதை நீங்க விக்கிறீங்களா'ன்னு மிச்சப் பேர் காறித் துப்பாத குறைதான். இன்னைக்கு ஆறு மணிக்கு டிரஸ்ட் கூட்டம். வங்கியையே மூடிடலாம்னு பேச்சு. வார்டுல ஏழு குழந்தைங்க இருக்கு சார். ஒண்ணு தொள்ளாயிரம் கிராம். அதுக்கு மாவுப்பால் கொடுத்தா குடல் தாங்காது. அதுக்கு மேல என்னைச் சொல்ல வைக்காதீங்க."

சம்பந்தி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

மணி பதினொன்றுக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். "உங்க போனை எடுங்க சம்பந்தி. முகவரியை நேரா அடிக்க வேண்டாம். எல்லாரும் செய்யற மாதிரி கூகுள்ல தேடி, அதுல வர்றதைத் தொடுங்க."

சம்பந்தி தொட்டார். பால் வங்கியின் பெயர் ஒரு நொடி மின்னியது. உடனே திரை புரண்டு இளஞ்சிவப்பாக மாறியது. சிரிக்கும் குழந்தை ஒன்று; அதன் கழுத்துக்குக் கீழே விலை.

"வந்துருச்சு! 'நூறு சதவீதம் சுத்தம்.' சீ! 'இன்றைய கையிருப்பு எட்டு பாட்டில் மட்டும். முந்துங்கள்.' முந்தணுமாம்! நானும் பஸ்ல 'முன்னாடி போங்க, முன்னாடி போங்க'ன்னு கத்தியிருக்கேன், இப்படி நாக்கூசாமக் கத்தினதில்ல."

நர்ஸிடம் காட்டக் கையோடு ஓடினார். லைன்மேன் நிதானமாகச் சாலையைக் கடந்து உள்ளே போனபோது, சம்பந்தி போனை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். மறுபடி தேடித் தொட்டதில் திரையில் வந்திருந்தது பால் வங்கியின் சாதுவான வெள்ளைப் பக்கம்.

"இப்பதான் பார்த்தேன் சம்பந்தி! என் கண்ணு மேல சத்தியம்!"

"உங்க கண்ணு சரிதான். உள்ளே வந்ததும் போன் ஆஸ்பத்திரி வைஃபையில ஒட்டிக்கிச்சு. வெளியே நின்னா கடை, உள்ளே நின்னா கோயில்." லைன்மேன் தலையை ஆட்டினார். "இங்கே இருக்கிற யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு செஞ்ச வேலை."

பால் வங்கி என்பது இரண்டே அறைகள். முன்னறையில் ஆளுயர ஃப்ரீசர். எண் ஒட்டிய பாட்டில்கள் வரிசையாக உறைந்திருந்தன. பின்னறை சோதனைக்கூடம். நர்ஸ் ஃப்ரீசரைத் திறந்தபோது, கதவின் உட்பக்கத்தில் பனி படிந்த ஒரு சீட்டு தெரிந்தது.

"அது என்னம்மா?"

"வெப்சைட் பாஸ்வேர்டு. பத்திரமான இடம்னு..."

"குளிர்ல கெட்டுப்போகாதுன்னு வச்சீங்களாக்கும்," என்றார் சம்பந்தி. "இதைத் திறக்கிறது யார் யாரு?"

"நான், லேப் சார், வேன்காரர். அவ்வளவுதான்."

லேப் சார் அந்த நேரம் பின்னறை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது, கையுறை, முகமூடி, தலைக்கு உறை. முழங்கைவரை கழுவிக் கழுவித் தோல் வெளுத்திருந்தது. "செருப்போட உள்ளே வராதீங்க. எதையும் தொடாதீங்க. பால்னா உங்களுக்குப் பால். எனக்குக் கிருமி வளர்ற வயல்."

"நாங்க எட்டி நின்னே கேட்டுக்கறோம் சார்," என்றார் லைன்மேன். "சோதனை எப்படி நடக்கும்?"

"ஒவ்வொரு பாட்டில்லருந்தும் அஞ்சு சொட்டு எடுத்துத் தட்டுல விட்டு, சூட்டுப் பெட்டியில ரெண்டு நாள் வைப்போம். கிருமி இருந்தாத் தட்டுல புள்ளி புள்ளியாப் பூக்கும். பூத்தா, அந்தப் பாட்டிலை இந்த சிங்க்ல கொட்டிடுவேன். நாத்தம் குடலைப் புரட்டும். அதனால இந்த வேலைக்கு யாரையும் கூப்பிடறதில்ல."

சூட்டுப் பெட்டியின் கதவில் குறுக்காக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அதில் நர்ஸின் கையெழுத்து. "நான்தான் சீல் வைப்பேன்," என்றார் நர்ஸ். "ரெண்டாம் நாள் சாயந்தரம் நாலு மணிக்கு நான்தான் கிழிப்பேன். நடுவுல திறந்தா சூடு மாறிடும். இந்தத் தட்டுங்களுக்கு இன்னைக்கு நாலு மணி. கிழிச்சுக் கொடுத்துட்டு நான் வார்டுக்குப் போயிடுவேன். அஞ்சு மணிக்கு சார் முடிவைச் சொல்வாரு, ரிஜிஸ்டர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

லைன்மேன் எட்டி நின்றபடியே சிங்க்கைப் பார்த்தார். வடிகால் ஓட்டையின் மேல் ஒரு சிலந்தி வலை கட்டி, நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். சோப்பு வாசனை மட்டும்தான்.

வெளியே வேன்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார். மதியம் போனால் வீடு வீடாகப் பால் எடுத்துக்கொண்டு ஐந்துக்குத்தான் திரும்புவார். "தானம் கொடுக்கிற வீட்டுல மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துறாங்க சார், ஏதோ நான் திருடின மாதிரி," என்று முனகினார். "இங்கே மட்டும் என்ன வாழுது? லேப் சார் வெளி லேபுக்கு அனுப்பற சாம்பிள் பெட்டி ஒண்ணு இருக்கு. அவர் மச்சினி வீட்டுல இறக்கி வச்சா அங்கேருந்து லேபுக்குப் போகுமாம். அஞ்சு சொட்டு சாம்பிளாம். தூக்கினா இடுப்பு ஒடியுது."

"தினமும் போகுமா?"

"எப்பவாவதுதான். போன வாரம் இருபதாம் தேதி போச்சு."

*

கொழுந்தன் மடிக்கணினியோடு வந்தபோது மணி இரண்டு. தலைமுடியைவிட நம்பிக்கை அடர்த்தி. "என் வேலையில ஓட்டையே இருக்காது அங்கிள். அண்ணி வீணா பயப்படறாங்க."

"இவன்தான்," என்று சம்பந்தி லைன்மேனின் காதில் ஊதினார். ஊதியது வராந்தா முழுக்கக் கேட்டது. "வீட்டைக் கட்டினவனுக்குத்தான் சந்து பொந்து தெரியும்."

"வீட்டுல குறை இல்ல தம்பி. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி வச்சிருக்காங்க," என்றார் லைன்மேன். "பக்கம் திறக்கிறதுக்கு முன்னாடியே சர்வர் படிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்குமே, அதைத் திற."

கொழுந்தன் திறந்தான். தான் எழுதியவற்றுக்குக் கீழே, நூறு வரி வெற்றிடம் விட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நான்கு வரிகள் ஒளிந்திருந்தன. அவன் முகம் சுண்டியது. வருகிறவர் போனில் வருகிறாரா? கூகுளில் தேடி வருகிறாரா? ஆஸ்பத்திரி வைஃபையில் இல்லையே? அப்படியானால் அந்தக் கடைக்குத் தள்ளு.

"நான் எப்பவும் கம்ப்யூட்டர்ல, முகவரியை நேரா அடிச்சுப் பார்ப்பேன் அங்கிள்," என்றான் கொழுந்தன் மெல்ல.

"அதான் வாசல்காரன் உனக்குச் சலாம் போட்டு உள்ளே விட்டான். அழிக்காதே, அப்படியே இருக்கட்டும். இந்த ஃபைலை யார் எப்ப மாத்தினாங்கன்னு, வெப்சைட்டுக்கு இடம் கொடுக்கிற ஹோஸ்டிங் கம்பெனி குறிச்சு வச்சிருக்கும். எடு."

பதிவு வந்தது. சம்பந்தி கண்டக்டர் குரலில் வாசித்தார்: "மூணாம் தேதி சாயந்தரம் நாலு பன்னெண்டு, போட்டிருக்கு. அஞ்சாம் தேதி எடுத்திருக்கு. பத்தாம் தேதி நாலு இருபது, போட்டிருக்கு. பன்னெண்டு, எடுத்திருக்கு. பத்தொன்பது, நாலு பதினஞ்சு. இருபத்தொண்ணு, எடுத்திருக்கு. இன்னைக்குக் காலையில... ஒன்பது மணி அஞ்சு நிமிஷம், போட்டிருக்கு. எல்லாம் ஆஸ்பத்திரி வைஃபையிலருந்தே."

"ரிஜிஸ்டர்ல பால் கெட்டுப்போய்க் கொட்டின தேதி என்னம்மா?"

நர்ஸ் பக்கம் புரட்டினார். விரல் நின்றது. "மூணு. பத்து. பத்தொன்பது."

 சம்பந்தி மடிக்கணினியிடமிருந்து இரண்டடி பின்வாங்கினார். "கெட்டுப்போன பாலையா? அதையா பாட்டில்ல ஊத்தி... சம்பந்தி, எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்."

"சரக்கு வந்தாப் பலகையை வெளியே வைக்கிறாங்க, தீர்ந்தா உள்ளே எடுத்துடறாங்க," என்றார் லைன்மேன். "ஆனா ஒண்ணு இடிக்குது." ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்துச் சம்பந்தியின் சட்டைப் பையில் வைத்தார். "அஞ்சு மணிக்குப் பிரிங்க. அதுக்கு முன்னாடி பிரிச்சா நம்ம உறவு முறிஞ்சது."

கொதிக்கிற சாதத்தை மடியில் கட்டியவர்போல சம்பந்தி மூன்று மணி நேரம் நெளிந்தார்.

*

நாலு மணிக்கு நர்ஸ் சூட்டுப் பெட்டியின் காகிதப் பட்டையைக் கிழித்தார். ஐந்து மணிக்கு முன்னறையில் நர்ஸ், கொழுந்தன், அப்போதுதான் திரும்பிய வேன்காரர், சம்பந்தி எல்லோரும் நின்றார்கள். லேப் சார் ரிஜிஸ்டரோடு வெளியே வந்தார்.

"மோசம். எட்டு பாட்டில் போச்சு. கையெழுத்துப் போடுங்க சிஸ்டர், நான் கொட்டிடறேன். எல்லாரும் தள்ளிப் போங்க, நாறும்."

"சம்பந்தி, பிரிங்க," என்றார் லைன்மேன்.

காகிதத்தில் ஒரே வரி: இன்று சரியாக எட்டு பாட்டில் கெட்டுப்போகும்.

"இது என்ன ஜோசியமா?" என்றார் லேப் சார்.

"இல்ல சார். அந்தக் கடையில பதினொரு மணிக்கே போட்டிருந்தது, இன்றைய கையிருப்பு எட்டு பாட்டில்னு. சம்பந்தி சத்தமா வாசிச்சாரு. நான் உங்களை மட்டும் பார்க்கல, எல்லாரையும்தான் கணக்குல வச்சேன். தம்பி வீட்டுல இருந்து வேலை செய்யறவன். மாத்தினது எல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்குள்ளேருந்து. வேன்காரர் சாயந்தரம் நாலு மணிக்குத் தெருவுல இருப்பாரு. அம்மாவுக்கு முடிவு தெரியறது அஞ்சு மணிக்கு. பலகை வெளியே வர்றது நாலேகாலுக்கு. நாலேகாலுக்கு எத்தனை பாட்டில் போச்சுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான்."

"யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம்."

"பார்த்திருக்கலாம். ஆனா இன்னைக்கு ஆசை முந்திக்கிச்சு. பலகை காலையில ஒன்பது அஞ்சுக்கே வெளியே வந்துருச்சு. அப்ப தட்டு எல்லாம் அம்மாவோட சீலுக்குள்ள. பரீட்சை பேப்பரைத் திறக்கிறதுக்கு ஏழு மணி நேரம் முன்னாடியே எட்டுப் பேர் ஃபெயில்னு ஒருத்தருக்குத் தெரியுதுன்னா, அவர் திருத்தப் போறதில்லன்னு அர்த்தம்." லைன்மேன் நர்ஸின் பக்கம் திரும்பினார். "அந்த எட்டுத் தட்டையும் நீங்க பாருங்கம்மா."

"தொடாதீங்க! கிருமி!" லேப் சார் கதவை மறித்தார்.

"தள்ளுங்க," என்றார் நர்ஸ். தள்ளிவிட்டு உள்ளே போனார். ஒவ்வொரு தட்டாக விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்துவிட்டு வைக்கும் சத்தம் கேட்டது. எட்டாவது தட்டைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்.

"ஒரு புள்ளி இல்ல. கழுவின கண்ணாடி மாதிரி இருக்கு. எட்டும் நல்ல பால்."

"கெட்ட பாலை வித்தாங்கன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன்," என்றார் லைன்மேன். "நல்ல பாலைக் கெட்டதுன்னு எழுதித்தான் வித்திருக்காங்க. நாத்தம்னு சொன்னா யாரும் கிட்ட வரமாட்டாங்க. கொட்டின சிங்க்ல சிலந்தி குடும்பம் நடத்துது. அருவருப்பைத் திரையாக் கட்டி, அதுக்குப் பின்னால கடை போட்டிருக்காரு."

வேன்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்ப அந்த வெளி லேபு...? உங்க மச்சினி வீட்டுக்கா நான் சுமந்தேன்? சீ!"

லேப் சார் முகமூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது சாதாரண முகம்; அதுதான் சகிக்கவில்லை. "இப்ப என்ன, விஷத்தையா வித்தேன்? நல்ல பால்தானே? வாங்கினவங்களும் பிள்ளைக்காகத்தானே வாங்கினாங்க? சும்மா வாங்கினவன் எவனும் ஒரு நன்றி சொன்னதில்ல. காசு கொடுத்தவன் 'ரொம்ப நன்றி'ன்னு எழுதியிருக்கான், போய்ப் படிச்சுப் பாருங்க!"

நர்ஸ் அவரை உற்றுப் பார்த்தார். "என் வார்டுல தொள்ளாயிரம் கிராம்ல ஒண்ணு படுத்திருக்கு. போன வாரம் அதுக்கு எட்டு வேளைக்குப் பதிலா ஆறு வேளைதான் கொடுத்தேன். பால் பத்தல, பாதி கெட்டுப்போச்சுன்னு அதோட அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். என் வாயால."  தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தார்.

சம்பந்தி கதவருகே போய் நின்றுகொண்டார். "டிக்கெட் இல்லாம எறங்க நினைக்காதீங்க சார். முப்பது வருஷம் நான் ஒருத்தரையும் விட்டதில்ல."

*

ஆறு மணிக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. வங்கி மூடப்படவில்லை, லேப் சார் போலீஸ் ஜீப்பில் போனார். போகும்போதும் கை கழுவத் தண்ணீர் கேட்டார் என்று சம்பந்தி பிற்பாடு நான்கு பேரிடம் சொன்னார். கொழுந்தன் அந்த நான்கு வரிகளை அழித்து, பாஸ்வேர்டை மாற்றி, நடந்ததை ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதினான்.

ஆனால் வாசலைச் சரிசெய்வது வேறு, போனவர்கள் திரும்பி வருவது வேறு. நர்ஸ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுபோன இருபத்து மூன்று பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஆறு பேர் எடுக்கவே இல்லை. நான்கு பேர் பாதியில் வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மூச்சுவிடாமல் பத்து நிமிடம் திட்டினாள்: "ராத்திரி தூக்கம் கெட்டு எடுத்துக் கொடுத்தேன்டி! அதுக்கு விலைச்சீட்டு ஒட்டிட்டீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?" நர்ஸ் எல்லாவற்றையும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "சரி, நாளைக்கு உங்க வேன் எத்தனை மணிக்கு வரும்?"

கடைசிப் போனையும் வைத்துவிட்டு நர்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தார். நல்லது என்று தெரிந்த எட்டு பாட்டிலையும் அவர் வார்டுக்கு அனுப்பவில்லை. வேறு ஆள் கையால் மறுபடி சோதித்து, இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். இன்றைய பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, லேப் சார் வேலைக்கு வந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கு எழுதினார்.

"அவர் பேருக்கா எழுதறீங்க?" என்று லைன்மேன் கேட்டார்.

"இல்ல சார். தாய்மார் நம்பிக் கொடுத்தது எங்ககிட்ட. எங்க பேருக்குத்தான்."

தானமாக வந்தது, அறுநூற்று நாற்பது பாட்டில். குழந்தைகளுக்குப் போனது, நானூற்று எண்பத்தாறு. கெட்டது என்று எழுதியது, நூற்று ஐம்பத்து நான்கு. அதில் நூற்றுக்கு மூன்று வீதம் வழக்கமாக மெய்யாகவே கெடுவது, பத்தொன்பது. இன்று மீட்டது, எட்டு.

வார்டுக்குப் பால் வங்கி தரவேண்டிய பாக்கி, நூற்று இருபத்தேழு பாட்டில்.